உப்புக் காற்றின் மேல் பழி போடாதீர்கள்: மின் கோட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

கோட்டச் செயற்பொறியாளர் அவர்களுக்கும், கொள்முதல் பிரிவில் டெண்டர் எழுதுகிறவர்களுக்கும்,

சென்ற வாரம் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு காகிதத்தை எடுத்து வந்து, "இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்கண்ணே" என்றாள். உங்கள் அலுவலகத்திலிருந்து அவளுக்கு வந்த பதில். பங்குனி மாதம் அவளுடைய செவலைப் பசு, மின்கம்பம் சாயாமல் தரையோடு இழுத்துக் கட்டுகிற ஸ்டே கம்பியில் கழுத்தைத் தேய்த்து, நின்ற இடத்திலேயே விழுந்து செத்தது. அந்த விசாரணையின் முடிவு அதில் இருந்தது. கடலோர உப்புக் காற்றால் நேர்ந்த விபத்து, தவிர்த்திருக்க முடியாது, யார் மீதும் தவறு இல்லை, ஆகவே இழப்பீடு கிடையாது. படித்துச் சொன்னேன். "காத்து என்னண்ணே இந்த வருசமா புதுசா அடிக்குது?" என்று மட்டும் கேட்டுவிட்டு, காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உப்பளத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். 1986இல் ஹெல்பராகச் சேர்ந்து 2020இல் லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் நான். 34 வருடமும் உப்பளங்களுக்கு நடுவே ஓடும் இந்த 11 கேவி (11,000 வோல்ட்) லைன்களில்தான் வேலை. காற்று அன்றைக்கும் உப்புக் காற்றுதான். மாறியிருப்பது கரண்ட் கம்பத்தில் இறங்காமல் தடுக்க நாம் லைனில் மாட்டுகிற பீங்கான் இன்சுலேட்டரும், அதை நாம் பார்த்துக்கொள்கிற விதமும்.

அன்று நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அறிக்கையில் அது இரண்டு வரியாகிவிட்டது.

விடியற்காலை நாலரை மணி இருக்கும். பனி நன்றாக இறங்கியிருந்தது. அடைமழை லைனுக்கு நல்லது, பீங்கானில் படிந்த உப்பைக் கழுவிவிடும். கெடுதல் செய்வது மாசி பங்குனிப் பனியும், சித்திரையில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற தூறலும்தான். மாதக்கணக்கில் படிந்த உப்பு அப்போது நனையும், ஆனால் கழுவிப் போகாது. நனைந்த உப்பின் வழியே கரண்ட் கசியும். கசிகிற இடம் சூடேறி வளையம் வளையமாகக் காயும். காய்ந்த வளையத்தைத் தாண்டி நீலப் பொறி தாவும். கம்பத்தடியில் நின்றால் சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி சத்தம் கேட்கும். அன்றைக்கு அந்தச் சத்தத்தை நான் படுக்கையிலிருந்தே கேட்டேன். கேட்டும் எழுந்து போகவில்லை. இந்தக் கரையில் அது அவ்வளவு பழகிப்போன சத்தம்.

பசு விழுந்த சத்தத்துக்குத்தான் எழுந்தேன். அவள் மாட்டைப் பார்த்து ஓட, அவள் மகன் பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுத்துவிட்டான். பத்தாவது படிக்கிற பையன். அவன் அன்று தூங்கியிருந்தால் இந்த மடலில் நான் வேறு விஷயம் எழுதிக்கொண்டிருப்பேன்.

ஃபீடர், அதாவது சப்ஸ்டேஷனிலிருந்து வருகிற லைன், டிரிப் ஆகித் தானாக நிற்கவில்லை. நான் செக்‌ஷனுக்குப் போன் போட்டு, அவர்கள் சப்ஸ்டேஷனுக்குச் சொல்லி நிறுத்தும் வரை லைன் உயிரோடுதான் இருந்தது. அறிக்கை எழுதியவருக்கு இதில் ஒரு கேள்வியும் எழவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். அளத்துக்குள் ஈரக் களிமண். அங்கே ஃபால்ட் ஆனால், கசிவைக் கண்டு லைனை நிறுத்துகிற ரிலே உடனே வேலை செய்யும். குடியிருப்பு இருப்பதோ மணல்மேட்டில். காய்ந்த மணல் கரண்டை உள்ளே வாங்காது. சப்ஸ்டேஷன் ரிலே கண் திறக்கப் பல ஆம்பியர் வேண்டும். ஆளைச் சாகடிக்க ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் அந்த ஸ்டே கம்பி நின்றிருந்தது. மாட்டுக்கு இன்னும் மோசம். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே நீளம் அதிகம், கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும்.

விடிந்ததும், லைனை நிறுத்தியாயிற்று என்று எழுதித் தருகிற எல்.சி. வாங்கிக்கொண்டு லைன் வேலைப் பையன் ஒருவன் கம்பத்தில் ஏறினான். நான் கீழே நின்றேன். நடு ஃபேஸ் கம்பியை இரும்பு முளை மேல் தாங்குகிற பின் (pin) இன்சுலேட்டரில், பின் துளையிலிருந்து கம்பி கட்டுகிற பள்ளம் வரை ஒரு விரிசல், அதன் ஓரமெல்லாம் கரி. அது நிற்கிற குறுக்குச் சட்டமான கிராஸ் ஆர்மில் சுட்ட தழும்பு. கசிகிற கரண்டைத் தரைக்குக் கொண்டுபோக வேண்டிய கம்பத்தின் எர்த் கம்பி தரைக்கு ஓரடி மேலே துருப்பிடித்து அறுந்து கிடந்தது. அந்த மூன்றும் சேர்ந்தும் மாடு பிழைத்திருக்கும், ஸ்டேயின் நடுவே கரண்டைத் தடுக்கிற முட்டை இன்சுலேட்டர் இருந்திருந்தால். இல்லை.

ஏன் இல்லை என்றும் எனக்குத் தெரியும். அந்த ஸ்டேயைக் கட்டியவன் நான்.

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை கஜா புயல் இந்தக் கரையைப் புரட்டிப் போட்டது. டெல்டா முழுக்க லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் விழுந்தன. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். கல்யாண மண்டபத்தில் படுத்து, கிடைத்த சோற்றைத் தின்று, இடுப்பளவுத் தண்ணீரில் கம்பம் நட்டார்கள். அவர்களைக் குறை சொன்னால் வாய் அழுகிவிடும். கம்பம் வந்தது, கம்பி வந்தது, பின் இன்சுலேட்டரும் ஒருவழியாக வந்தது. முட்டை மட்டும் தீர்ந்துபோனது. ஊரில் தண்ணீர் மோட்டார் ஓடாமல் பத்து நாளாகியிருந்தது. "இப்போதைக்குக் கட்டு, அப்புறம் வந்து கோத்துக்கலாம்" என்றார்கள். நானும் கட்டினேன். எந்த எந்தக் கம்பம் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தேன். மொத்தம் 41 ஸ்டே. அந்தப் பட்டியலைப் படியெடுத்து 2019இல் ஒருமுறை, ஓய்வு பெறும் மாதத்தில் ஒருமுறை, அப்புறம் வெளியாளாக இரண்டு முறை என்று நான்கு தடவை கொடுத்தேன். 'அப்புறம்' வரவே இல்லை. செவலை செத்த கம்பம் அந்தப் பட்டியலில் 17ஆவது.

ஆகவே, யார் மீதும் தவறில்லை என்ற உங்கள் வரியை முதலில் நானே ஏற்க முடியாது. என் மீது இருக்கிறது. என்னோடு நின்றுவிடவில்லை என்பதற்காகத்தான் இந்த மடல்.

அலுவலகத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர்கள் ஒரு முட்டையைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார்களா தெரியாது. மாங்காய் அளவுப் பீங்கான். இரண்டு துளைகள், ஒன்றுக்கொன்று குறுக்காக. மேல் கம்பி ஒன்றில் நுழைந்து வளையும், கீழ்க் கம்பி மற்றொன்றில். இரண்டு வளையமும் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்க, நடுவில் பீங்கான் நெரிபட்டுக்கொண்டிருக்கும். பீங்கானை இழுத்தால் பட்டென்று போய்விடும், அமுக்கினால் எவ்வளவும் தாங்கும். அதனால் இழுவையையே அமுக்கமாக மாற்றியிருக்கிறான் இதை யோசித்தவன். அது மட்டுமா, பீங்கான் நொறுங்கி விழுந்தாலும் இரண்டு கம்பியும் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும், கம்பம் சாயாது. கெட்டிக்காரன்தான். ஆனால் அந்த வசதியே இப்போது எமனாக இருக்கிறது. முட்டை போன பிறகும் ஸ்டே விறைப்பாக நிற்கிறது. விறைப்பாக நிற்கிற ஸ்டேயை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. பசு செத்த பிறகு ஒரு வாரம் சைக்கிளில் சுற்றினேன். என் 41ஐத் தவிர, பழைய ஸ்டேக்களில் மட்டும் 9 இடங்களில் முட்டை இருந்த இடத்தில் கம்பியும் கம்பியும் கோத்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்று பால்வாடிக்கு எதிரில். அதில் கொடி கட்டித் துணி காயப் போட்டிருக்கிறார்கள்.

சட்டம் இதில் எதையும் மறைத்து வைக்கவில்லை. 2010 வரை நடப்பில் இருந்த 1956ஆம் வருடத்து இந்திய மின்சார விதிகளில் 90ஆவது விதி சொன்னது: ஸ்டே கம்பியை எர்த் செய்ய வேண்டும், இல்லையென்றால் தரையிலிருந்து 3 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் அதில் ஓர் இன்சுலேட்டர் கோத்திருக்க வேண்டும். எங்கள் காலத்தில் புதிதாகச் சேருகிற ஹெல்பருக்கே இதை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். அந்த ஸ்டேயில் இரண்டும் இல்லை. உப்புக் காற்று எர்த் கம்பியை அரிக்கும், சரி. முட்டையைக் கோக்க விடாமல் அது யார் கையைப் பிடித்தது?

அடுத்து மேலே இருந்த பின் இன்சுலேட்டர். விரிசல் விட்டதை மாற்றிவிட்டுப் பையன் கீழே போட்டான். அது மணலில் விழுந்து இரண்டாக உடைந்தது. எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கஜாவுக்குப் பிறகு வந்த சரக்கு அது. என் வீட்டில் அதே மாதிரி இன்னொன்று உண்டு, தொண்ணூறுகளில் இதே லைனிலிருந்து கழற்றியது. பழையதை என் மனைவி கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்திருக்கிறாள். இரண்டையும் திண்ணையில் வைத்து, தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்து, தலையிலிருந்து அடிவரை ஒவ்வொரு குடை மடிப்பிலும் ஏறி இறங்கி ஒட்டினாற்போல் பிடித்து அளந்தேன். கரண்ட் மேற்பரப்பில் ஊர்ந்து வர வேண்டிய தூரம் அதுதான். பழையதில் 32 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. புதியதில் 23.

இந்த இரண்டு எண்ணும் கொள்முதல் பிரிவுக்குப் பரிச்சயமானவை. பீங்கான் இன்சுலேட்டருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 731இல், 11 கேவி லைனுக்கு இந்த ஊரும் தூரத்துக்கு இரண்டு அளவு உண்டு. தூசும் புகையும் மிதமாக உள்ள இடத்துக்கு 230 மில்லிமீட்டர், மாசு கடுமையாக உள்ள இடத்துக்கு 320. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், இரு பக்கமும் உப்பு அம்பாரம் குவிந்திருக்கிற லைன் கடுமையான மாசில் சேராது என்றால் வேறு எதுதான் சேரும்? வெளிநாட்டு வழிகாட்டு நெறிகள் இம்மாதிரிக் கடற்கரைக்கு 320கூடப் போதாது என்கின்றன. அவர்களின் பழைய கணக்குப்படி மிகக் கடுமையான மாசுக்கு ஒரு கேவிக்கு 31 மில்லிமீட்டர். லைனின் உச்ச அழுத்தம் 12 கேவி, பெருக்கிப் பாருங்கள், 372 வரும். நாமோ 230ஐ மாட்டிவிட்டுக் காற்றைத் திட்டுகிறோம். மலையடிவாரத்துக்கும் கடற்கரைக்கும் ஒரே டெண்டர், ஒரே சரக்கு. ஸ்டோரில் கேட்டால் 'பின் இன்சுலேட்டர் 11 கேவி' என்று ஒரே ஒரு வரி, அவ்வளவுதான்.

இன்னொன்றும் செய்தேன். உடைந்த முகத்தில் நாக்கை வைத்துப் பார்த்தேன். சிரிக்காதீர்கள், பழைய போர்மேன்கள் சொல்லிக் கொடுத்தது. நன்றாக வெந்த பீங்கான் கண்ணாடி மாதிரி, நாக்கு வழுக்கும். வேகாதது நாக்கைப் பிடித்து இழுக்கும். இது இழுத்தது. பேத்தியிடம் சிவப்பு மை வாங்கி ஒரு சொட்டு விட்டுத் துடைத்தேன். பழையதில் சுத்தமாகப் போய்விட்டது. புதியதில் திட்டாக ஊறி நின்றது. இதையே ஆய்வுக்கூடத்தில் சாயக் கரைசலில் போட்டு, அழுத்தம் கொடுத்துச் செய்வார்கள். அப்படி ஊறுகிற பீங்கானை அனுப்பக் கூடாது என்பது தரத்திலேயே இருக்கிறது. ஊறுகிறது என்றால் ஈரம் உள்ளே போகும், ஈரத்தோடு உப்பும் போகும், ஒருநாள் விரியும். மெருகு பளபளவென்று இருக்கும், உள்ளே வெந்திருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

ஒரே ஒரு துண்டை வைத்து முழுச் சரக்கையும் குறை சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் உங்களைச் சோதிக்கச் சொல்கிறேன்.

செய்கிறவர்களைப் பழிக்க எனக்கு மனசு வராது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையைப் பார்த்திருக்கிறேன். கிட்கேட் ஃபியூஸ் முதல் முட்டை வரை பலகையில் வரிசையாகக் காய வைத்திருப்பார்கள், வெயிலில் வெள்ளைக் கருவாடு மாதிரி. வெள்ளைக் களிமண், பெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் அரைத்து, சலித்து, காற்று போகப் பிசைந்து, உருவம் பிடித்து, 1200 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். சூளை அவசரப்பட்டால் சரக்கு போச்சு. குறைந்த விலைக்குத்தான் வாங்குவேன் என்று டெண்டர் எழுதுகிறவர் சூளைக்காரனிடம் சொல்வது ஒன்றுதான்: விறகை மிச்சம் பிடி.

இனி பாலிமர் வரப்போகிறது, எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. சிலிக்கோன் ரப்பர் நல்ல சரக்குதான், தாமரை இலை மாதிரி தண்ணீரை ஒட்டவிடாது, உப்புக் கரைக்குப் பொருத்தம். வரட்டும். ஆனால் அது வரும் வரை மேலே இருப்பது பீங்கான். அது வந்தாலும் ஸ்டேயில் முட்டை வேண்டும்.

கடைசியாகத் துடைப்பு. எங்கள் காலத்தில் மாசிக் கடைசியில் ஒன்று, ஆடியில் ஒன்று என்று கடலோர லைன்களுக்கு மட்டும் தனி ஷட்டவுன் உண்டு. நிறுத்திய லைனைத் தரையோடு இணைக்கிற எர்த் ராடை இரண்டு பக்கமும் மாட்டிவிட்டு, கம்பத்துக்குக் கம்பம் ஏறி, ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுப்போம். கீழே இறங்கி விரலை நக்கினால் கரிக்கும். ஒரு பீங்கானைத் துடைத்த துணியை வாளியில் பிழிந்தால் தண்ணீர் கலங்கிப்போகும். துடைக்கும்போது விரிசல் கைக்குத் தட்டுப்படும், துருப்பிடித்த எர்த் கண்ணில் படும், முட்டை இல்லாத ஸ்டேயும் தெரியும். நாங்கள் துடைத்தது உப்பை மட்டும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். பயனீட்டாளர்களுக்கு மின்தடை தொந்தரவு என்று மூன்று வருடத்துக்கு முன் அந்த ஷட்டவுனை எடுத்துவிட்டீர்கள். இப்போது பனிக் காலத்தில் வாரம் இரண்டு தடவை கரண்ட் தானாகவே போகிறது. அதற்கு யாரும் அறிவிப்புக் கொடுப்பதில்லை.

என் கோரிக்கைகளைத் தெளிவாகவே எழுதுகிறேன், பிறகு புரியவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது.

அந்த அறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். எர்த் அறுந்திருந்ததும், ஸ்டேயில் இன்சுலேட்டர் இல்லாததும், அது நான்கு முறை எழுத்தில் தெரிவிக்கப்பட்டதும் அதில் பதிவாக வேண்டும். என் வாக்குமூலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதன்படி அந்தப் பெண்ணுக்குப் பசுவின் விலையைக் கொடுங்கள். அளத்தில் தினக்கூலிக்கு உப்பு வாருகிறவள். அந்தப் பால்தான் பையனின் பள்ளிச் செலவு.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் கடலோர செக்‌ஷன்களில் ஒவ்வொரு ஸ்டேயையும் நடந்து போய்ப் பாருங்கள். முட்டை இல்லாததில் கோத்துவிடுங்கள், உடைந்ததை மாற்றுங்கள். கம்பத்தின் எர்த்தையும் அதே நடையில் பார்த்துவிடலாம். பால்வாடிக்கு எதிரில் இருப்பதை மட்டும் இந்த வாரமே மாற்றிவிடுங்கள், அதற்கு மழைவரை காத்திருக்க வேண்டாம்.

கடலோரத்துக்குத் தனி டெண்டர் போடுங்கள். 320 மில்லிமீட்டருக்குக் குறைந்த பீங்கான் இந்தக் கரைக்கு வரக் கூடாது. ஸ்டோருக்கு வருகிற ஒவ்வொரு லாட்டிலும் சிலதை உடைத்துச் சாயச் சோதனை செய்து, முடிவை ஸ்டோர் பலகையில் ஒட்டுங்கள். ஏறுகிற பையன்கள் படித்துக்கொள்ளட்டும்.

மாசி, ஆடித் துடைப்பை மறுபடி கொண்டுவாருங்கள். முன்கூட்டிச் சொன்னால் ஒரு நாள் மின்தடையை இந்த ஊர் பொறுத்துக்கொள்ளும். அப்படி ஏற்றுகிற ஆட்களுக்கு எல்.சி. இல்லாமல், எர்த் ராடு மாட்டாமல் வேலை கொடுக்காதீர்கள். ஒப்பந்தப் பையன் என்றால் உயிர் மலிவு என்று ஆகிவிடக் கூடாது.

நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. 41இல் எது எங்கே என்று இருட்டிலும் காட்டுவேன். முழங்கால் வலி உண்டு, கம்பம் ஏற முடியாது, கூட நடந்து வருவேன். என்றைக்கு என்று செக்‌ஷன் ஆபீஸில் சொல்லி அனுப்புங்கள், காலை ஆறு மணிக்கெல்லாம் 17ஆவது கம்பத்தடியில் நிற்கிறேன்.

இப்படிக்கு,
உப்பளக் கரையிலிருந்து
ஓய்வு பெற்ற ஒரு லைன் இன்ஸ்பெக்டர்